மினிப்பே வாய்க்கால்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே தெல்தெனிய என்றோர் ஊர் உண்டு. இன்று நாம் காண்பது மேட்டிலே அமைக்கப்பெற்ற புதிய ஊர். பழைய கடைத்தெருவோ, 1985ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பெற்ற விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது. நீர் மிக வற்றுங்காலத்து அதன் இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு.

மூழ்கிய ஊரின் மேலாக வரும் நீர் எங்கே செல்கின்றது? அதனை அறியச் சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் கிழக்கு நோக்கிப் புறப்பட்டேன்.

வழியில் மெதமகாநுவர. கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் நாள் இப்பகுதியிலேதான் பிடிபட்டான். கண்ணுச்சாமி என்னும் இயற்பெயருடைய அந்நாயக்க குலத்தவன் வேலூரிற் சிறையிருந்து, 1832இல் அங்கேயே மாண்டான்.

பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற மலைச்சரிவில் இறங்கி, ஹசலக்கவைக் கடந்து மினிப்பேயை அடைந்தோம்.

மினிப்பே அணை பேரணையன்று. விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். இதுவோ ஆற்றின் குறுக்கே கிடக்கும் தாழ்ந்த சுவர். நீரைத் தேக்கி வைப்பது இதன் தொழிலன்று. மகாவலியின் மட்டத்தைச் சற்றே உயர்த்தி, வாய்க்காலுக்குத் திருப்பி விடுவதே தொழில். இடக்கரை வாய்க்கால் மலையடிவாரத்தை ஒட்டி, எழுபது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே ஓடுகின்றது. பழைய வாய்க்காலுக்கு ஒரு புறமே கரை கட்டினர். மறுபுறத்தே மலைச்சரிவே கரை. மலையிலிருந்து வரும் சிற்றோடைகளும் அதனுள் வந்து விழும். மண்ணும் உழைப்பும் பாதியாய்க் குறைய, நீர் மிகுந்தது! இத்துணை நீளத்திற்கும் மெல்லிய சரிவை அளந்தறிந்தோர் எக்கருவி கொண்டு அளந்தனரோ?

முதலாம் அக்கபோதி மன்னன் மகாவலியின் குறுக்கே மணிமேகலை என்னும் அணை கட்டினான் எனச் சூளவம்சம் கூறும். அஃது இவ்வணையே என்பர் ஆராய்ச்சியாளர். தமிழ் மாணவர் செவிக்கு அப்பெயர் எவ்வளவு இனிக்கும்! அவன் ஆட்சி ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. பிற்காலத்தே பாழடைந்த வாய்க்காலைச் சென்ற நூற்றாண்டிலே திருத்திக் கமக்காரரைக் குடியேற்றினர்.

விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை ஆகிய மூன்றையும் கடந்த நீரே இன்று மினிப்பேக்கு வருகின்றது.

உடன் வந்த மாணவன் ஒருவனின் பாட்டனார் பழைய தெல்தெனியக் கடைத்தெருவில் வணிகம் செய்தவர். அவன் குனிந்து நீரை அள்ளினான். "ஐயா, இது எங்கள் கடைக்கு மேலாகத்தானே வந்திருக்கும்?" என்றான். எதிரே வயல்கள் பசுமையாய்க் கிடந்தன. "ஆம்" என்றேன்.