கஜார் அந்தப்புரத்துக்குள் ஓர் எட்டு!

செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் வாருங்கள். நாம் நுழையப் போவது 19ஆம் நூற்றாண்டு ஈரானில், வசதியான ஒரு வீட்டின் உள்கட்டுக்குள். அதற்கு ‘அந்தரூன்’ என்று பெயர். வெளி ஆம்பிளைகளுக்கு அங்கே அனுமதியே கிடையாது. ஐரோப்பியப் பயணிகள் பலர் உள்ளே போகாமலேயே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள்: திண்டில் சாய்ந்தபடி, ஹூக்கா புகைத்தபடி, பொழுது போகாத பெண்கள் என்று. நமக்கு அந்த வம்பே வேண்டாம். அந்தப் பெண்களின் பெட்டியையே திறந்து பார்த்துவிடுவோம்!

பெட்டிச் சாவியை வாங்கித் தந்த புண்ணியவதி, வரலாற்றுப் பேராசிரியர் அஃப்சானே நஜ்மாபாதி. கஜார் மன்னர்கள் ஆண்ட காலத்துப் பெண்களைப் பற்றிய இணையக் காப்பகம் ஒன்று இவர் தலைமையில் 2009இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அரசாங்க ஆவண அறைகளில் நிறைந்து கிடப்பது ஆண்களின் காகிதம்தான். அதனால் காப்பகக் குழு குடும்பங்களின் கதவைத் தட்டியது. அலமாரி அடியிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடந்ததையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு, அசலைக் குடும்பத்திடமே விட்டுவிட்டது. கடிதம், உயில், கல்யாணப் பத்திரம், போட்டோ, தாயத்து, துணிமணி... எதை முதலில் எடுக்க?

கல்யாணப் பத்திரத்தைத்தான்! அடடா, பணக்கார வீட்டுப் பத்திரம் என்றால் கண் கூசுகிறது. உச்சியில் தங்கமும் நீலமுமாகப் பூவேலை. எடுத்ததும் இறைவன் புகழ். அப்புறம் மணமக்கள் பெயருக்கு முன்னால் மூச்சு வாங்கும் நீளத்துக்கு அடைமொழிகள். அழகை ரசித்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள், விஷயமே கீழேதான் இருக்கிறது. மஹர், அதாவது மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடையின் பட்டியல்! வழக்கமாக ஒரு குர்ஆன், பிறகு இத்தனை தோமான் ரொக்கம், சில பத்திரங்களில் நிலம், தண்ணீர்ப் பங்கு. ஈரானில் எந்தச் சொத்தையும் ஆறு ‘தாங்’காகப் பிரிப்பது வழக்கம். ஒரு கிராமத்தில் இத்தனை தாங் மணப்பெண்ணுக்கு என்று எழுதிவிட்டால் அது அவளுடைய சொத்து, புருஷனுடையது அல்ல. தொகையைச் சில இடங்களில் ‘சியாக்’ என்ற கணக்கர் எழுத்தில் கிறுக்கியிருப்பார்கள், பழக்கமில்லாதவர் கண்ணுக்குப் புழு நெளிவது போலத்தான் தெரியும். ஓரமெல்லாம் சாட்சிகளின் முத்திரை.

முத்திரை என்றதும் இன்னொரு ரகசியம். பெண்களுக்கும் சொந்தமாக முத்திரை உண்டு! விற்க, வாங்க, தர்மத்துக்குச் சொத்து எழுதிவைக்க, தன் பெயர் செதுக்கிய முத்திரையை மையில் தொட்டுக் குத்தினால் ஆயிற்று. பொழுது போகாத பெண்ணா இவள்?

அடுத்து சீர்ப் பட்டியல். ‘ஜஹீஸியே’ என்பார்கள். கம்பளம், மெத்தை, செப்புப் பாத்திரம், குளியலறைச் சாமான், அதைச் சுற்றிக் கட்டும் பூவேலைத் துணி வரை ஒன்று விடாமல் எழுதி, மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்வார்கள். நம் வீட்டில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதே முன்ஜாக்கிரதை. நாளைக்கு ஏதாவது என்றால் ஒரு கரண்டிகூடத் தொலையக் கூடாது.

ஆனால் எல்லாக் காகிதமும் இனிக்கவில்லை. சில பழைய கல்யாணப் பத்திரங்களின் மஹரில், கம்பளத்தோடும் நிலத்தோடும் சேர்த்து அடிமைகளையும் எழுதியிருக்கிறார்கள். ஈரானில் அடிமை முறைக்குச் சட்டப்படி தடை வந்தது 1929இல்தான். ஒரு பெண்ணின் சொத்துப் பட்டியலில் இன்னொரு பெண். அந்த வரியில் நம் குதூகலம் சற்று அடங்கத்தான் செய்கிறது.

போட்டோவுக்கு வருவோம். மன்னர் நாசிர் அல்தீன் ஷா (1848 முதல் 1896 வரை ஆண்டவர்) ஒரு கேமரா பைத்தியம்! தன் மனைவியரைத் தானே படமெடுத்து, ஆல்பத்தில் ஒட்டி, கைப்பட விவரமும் எழுதிவைத்தார். தெஹ்ரானின் கோலஸ்தான் அரண்மனையில் அவை இன்றும் இருக்கின்றன. அவருடைய மகள் இஸ்மத் அல்தவ்லாவின் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம்: மேலுதட்டில் பூனைமீசை, “இவளுக்காக 13 வாலிபர்கள் தற்கொலை” என்ற புளுகோடு. அதற்குத் துளி ஆதாரம் இல்லை. சின்ன வயதிலேயே கல்யாணமாகி அந்தரூனுக்குள் இருந்தவரை எந்த வாலிபர் பார்த்தாராம்? ஒன்று மட்டும் நிஜம். அந்த மீசை அன்றைக்கு அழகின் அடையாளம். இல்லாதவர்கள் மை தொட்டு வரைந்துகொண்டார்கள்!

கடைசியாக ஒரு கையெழுத்துப் பிரதி. பெண்களை எப்படி அடக்கி வைப்பது என்று ஒருவர் புத்தகம் எழுத, பீபி கானும் அஸ்தராபாதி என்ற பெண் 1890களில் ‘ஆண்களின் குறைகள்’ என்று பதிலுக்கு ஒன்று எழுதினார். சூதாட்டம், குடி, ஊர்சுற்றல் என்று ஆண்களைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். இந்த அம்மாதான் பிறகு தெஹ்ரானில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் திறந்தவர். அந்தக் கைப்பிரதியை 1992இல் பதிப்பித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நமக்குச் சாவி வாங்கித் தந்த அதே நஜ்மாபாதி!

காப்பகம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்காருங்கள். பூவேலையைப் பார்த்து மயங்கி நின்றுவிடாமல், நேராக மஹர் பட்டியலுக்குப் போங்கள்.