பாரத்துக்கு யார் பொறுப்பு?

கற்பிட்டியில் வெங்காய மூடைகளை லொறியில் ஏற்றும்போது, "இன்னும் பத்து மூடை போடுங்கள்" என்பவர் பெரும்பாலும் சாரதியல்லர். ஒரே நடையில் செலவை மிச்சம்பிடிக்க விரும்பும் வியாபாரியோ லொறி உரிமையாளரோதான். வழியில் பொலிஸ் மறித்தால் முதலில் அகப்படுபவர் சாரதி. மறுத்தாலோ அவருடைய வேலை போய்விடும்.

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். வீதியும் முறியும். 1958–60இல் அமெரிக்காவில் நடந்த வீதிச் சோதனையின்படி, அச்சின் பாரம் இரு மடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். பாரம் கூடிய லொறி பிறேக் பிடித்ததும் நிற்காது. அதே வீதியோரமாகத்தான் எமது பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள்.

மூடைக் கணக்கில் கூலி பெற்று ஏற்றும் எமக்கும் இதில் பங்குண்டு. இடம்பெயர்ந்து வந்து அன்றாடக் கூலியை நம்பி வாழும் ஒருவர் தனியே மறுப்பது கடினம். ஆகவே சங்கமாகக் கூடி, லொறிக்கு அனுமதித்த எடையைக் கேட்டறிந்த பின்னரே மூடையைத் தூக்குவோம்.