முதல் மீன்பிடிப் படகின் அளவைத் தேர்ந்தெடுத்தல்

இதுவரை பிறர் படகில் பங்குக்குச் சென்று வந்த மீனவர் ஒருவர், தமக்கென முதன்முதலாகப் படகு வாங்க எண்ணும்போது எழும் முதல் கேள்வி, "எத்தனை அடிப் படகு?" என்பதாகும். வலையைப் பிறகு மாற்றிக் கொள்ளலாம், எஞ்சினையும் மாற்றலாம். ஆனால் படகின் நீளத்தையும் அகலத்தையும் வாங்கிய பிறகு மாற்ற முடியாது. அந்த அளவுதான் எஞ்சின், எரிபொருள், ஆள் எண்ணிக்கை, செல்லும் தூரம், கட்டுப்பட வேண்டிய சட்டம், கட்ட வேண்டிய கடன் ஆகிய அனைத்தையும் தீர்மானிக்கிறது.

சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. இங்கே மீன்பிடிப்பு என்றால் கண்மாயும் ஊருணியும்தான். எனினும் காரைக்குடியிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. சென்றால் தொண்டி, அங்கே பாக் விரிகுடா தொடங்கிவிடுகிறது. அந்தக் கடலையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அளவு என்பது எது?

பேச்சு வழக்கில் படகின் அளவு என்றால் நீளத்தையே குறிப்பிடுகிறோம். உண்மையில் நான்கு அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. நீளம்: முன் முனை முதல் பின் முனை வரை.
2. அகலம்: நடுப்பகுதியில் உள்ள அதிகபட்ச அகலம். படகு பக்கவாட்டில் சாயாமல் நிற்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது.
3. அமிழ்வு: சுமையோடு இருக்கும்போது படகு தண்ணீருக்குள் இறங்கும் ஆழம்.
4. விளிம்பு உயரம்: தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் மேல்விளிம்பு வரை உள்ள உயரம். சுமை ஏற ஏற இது குறையும்.

நீளம் சற்றுக் கூடினாலும் படகு மிகவும் பெரிதாகிவிடும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். வடிவம் மாறாமல் 28 அடிப் படகை 32 அடியாக வளர்த்தால் நீளம் ஏழில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே விகிதத்தில் கூடுவதால் கொள்ளளவு ஏறத்தாழ 1.5 மடங்காகிறது. நீளம் இரு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு. "நான்கு அடிதானே கூட" என்று சொல்லி வாங்குபவர், உண்மையில் ஒன்றரைப் படகை வாங்குகிறார்.

தமிழ்நாட்டுப் படகு வகைகள்

கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்வது. அலை மோதும் சோழமண்டலக் கரையில் எளிதாக ஏற்றி இறக்கக் கூடியது. தண்ணீர் உள்ளே தங்காது. வள்ளம், வத்தை முதலியன மரத்தால் செய்த நாட்டுப்படகுகள். பாக் விரிகுடாவில் பாய் கட்டி ஓடிய வத்தைகள் பல இன்று எஞ்சின் பொருத்தி ஓடுகின்றன.

பைபர் படகு கண்ணாடியிழையால் ஆனது. சுமார் 18 அடி முதல் 32 அடி வரை கிடைக்கிறது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாக வழங்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை இவ்வகையே. அப்போது அவசரத்தில் கட்டப்பட்ட சில படகுகள் தரம் குறைந்தும், அந்தந்தக் கரைக்கும் தொழிலுக்கும் பொருந்தாமலும் இருந்தன. இலவசமாக வந்த படகேயானாலும் அளவு பொருந்தாவிட்டால் கரையிலேயே கிடக்கும் என்பது அன்று கற்ற பாடம்.

விசைப்படகு என்பது உள்பொருத்து டீசல் எஞ்சின் கொண்ட பெரிய படகு. 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் 30 அடியை ஒட்டிய படகுகள் தமிழகக் கரையிலும் பரவின. இன்று 60 அடிக்கு மேற்பட்ட விசைப்படகுகளும் உள்ளன.

உள்நாட்டு நீர்நிலைகளில் கணக்கு வேறு. மேட்டூர் அணையில் மீன்பிடிப்போருக்குப் பரிசலே படகு. ஒருவர் தோளில் தூக்கிச் செல்லக் கூடிய அளவே அங்கு பொருத்தமான அளவு.

முதலில் கடலையும் கரையையும் அளக்க வேண்டும்

படகை அளக்கும் முன் அது நிற்கப் போகும் இடத்தை அளக்க வேண்டும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது; சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீட்டர்தான். கரையோரத்தில் நெடுந்தொலைவு இடுப்பளவுத் தண்ணீரே இருக்கும் இடங்கள் உண்டு. இங்கே அமிழ்வு அதிகமுள்ள படகு தரை தட்டும். இராமேசுவரத்துக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா ஆழமானது. ஆழ்கடல் படகுகளுக்கு உதவும் வகையில் மூக்கையூரில் துறைமுகம் அமைந்ததும் அந்தப் பக்கமே. நாகப்பட்டினம் முதல் சென்னை வரையிலான மணற்கரைகளில் ஆழத்தை விட அலையே சிக்கல். துறைமுகமோ முகத்துவாரமோ இல்லாத ஊரில் படகை மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். அத்தகைய ஊரில், "இழுக்க எத்தனை பேர் வருவார்கள்?" என்பதே படகின் உச்ச அளவைச் சொல்லிவிடும்.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கம் கொந்தளிக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். ஆண்டில் எந்த மாதங்களில் எந்தப் பக்கம் தொழில் செய்யப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு விளிம்பு உயரம் தேவை என்று முடிவு செய்யலாம்.

சுமைக் கணக்கு

படகின் அளவு தொழிலிலிருந்து வர வேண்டும். நண்டு வலை போட்டுக் காலையில் போய் மதியம் திரும்புபவருக்கும், இரவு தங்கிச் சூரை பிடிப்பவருக்கும் ஒரே படகு பொருந்தாது. கடலுக்குக் கொண்டு செல்வதையும் கொண்டு வருவதையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது எளிய வழி. ஓர் எடுத்துக்காட்டு:

நான்கு ஆள் - 260 கிலோ
வலை - 300 கிலோ
எஞ்சின் - 60 கிலோ
எரிபொருள் 30 லிட்டர் - 25 கிலோ
ஐஸ் - 100 கிலோ
எதிர்பார்க்கும் மீன் - 300 கிலோ
மொத்தம் - 1,045 கிலோ

இதில் இரண்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, நனைந்த வலை காய்ந்த வலையைவிடக் கனமானது. மற்றொன்று ஐஸ். நம் வெப்பநிலையில் நெடுநேரம் கடலில் தங்கினால் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொது அளவு. ஒரு டன் மீன் பிடிக்க எண்ணுபவர் இரண்டு டன்னுக்கு இடம் பார்க்க வேண்டும்.

கிடைத்த மொத்தத்தைப் படகு கட்டுபவரிடம் கொடுத்து, இந்தச் சுமையில் விளிம்பு உயரம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்க வேண்டும். பழைய படகு என்றால், அதே எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி அமைதியான நீரில் நிறுத்திக் கண்ணால் பார்க்கலாம். ஆள்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து வலை இழுப்பது போல நின்றும் சோதிக்க வேண்டும்.

வேகமும் எரிபொருளும்

தண்ணீரைக் கிழித்துச் செல்லும் படகின் இயல்பான உச்ச வேகம் அதன் நீர்மட்ட நீளத்தைப் பொறுத்தது. நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ.) 25 அடிக்கு 6.7 நாட், 36 அடிக்கு ஏறத்தாழ 8 நாட். எடை குறைந்த பைபர் படகுகள் பெரிய எஞ்சினால் தண்ணீர் மேல் வழுக்கிச் சென்று இதைத் தாண்டும். சுமை ஏறிய படகுக்கு அது கைகூடாது, எரிபொருள்தான் எரியும்.

டீசல் எஞ்சின் முழுத்திறனில் ஓடும்போது, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர் குடிக்கும். 10 குதிரைத்திறன் எஞ்சின் ஆறு மணி நேரம் ஓடினால் 15 லிட்டர். 100 குதிரைத்திறன் எஞ்சின் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 300 லிட்டர். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இது செலவு. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே அதே தூரத்துக்கான எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்.

சட்டமும் தொழில் நாள்களும்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை உள்ள கடலை அது நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கியது. விசைப்படகுகள் அதற்கு அப்பால் செல்ல வேண்டியிருந்தது. இச்சட்டத்தின் விதிகள் பின்னர் திருத்தப்பட்டுள்ளதால், வாங்கும் முன் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டறிவது நல்லது. பதிவும் உரிமமும் இன்றி எந்தப் படகும் தொழிலுக்குச் செல்லக் கூடாது.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். இது விசைப்படகுகளுக்கு உரியது. நாட்டுப்படகுகளுக்கு விலக்கு உண்டு. மேலும் பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்களும் நாட்டுப்படகுகள் நான்கு நாள்களும் செல்வது நடைமுறை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அளவின் உண்மையான விலை தெரியும். 365 நாளில் 61 போக 304. அது ஏறத்தாழ 43 வாரம். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 130 நாள். புயல் எச்சரிக்கை, பழுது என்று பத்து நாள் கழித்தால் 120 நாள். வங்கித் தவணை மட்டும் 12 மாதமும் வரும். மாதம் 30,000 ரூபாய் தவணை என்று வைத்துக் கொண்டால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். டீசல், ஐஸ், ஆள் பங்கு எல்லாவற்றையும் கொடுத்த பிறகு, கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் 3,000 ரூபாய் தவணைக்கென்று மிஞ்ச வேண்டும்.

மிஞ்சாதபோது என்ன நடக்கிறது? ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்க நேரிடுகிறது. பிறகு மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியதாகிறது. அல்லது மீனைத் தேடி மேலும் தொலைவு போக நேரிடுகிறது. பாக் விரிகுடாவில் தொலைவு போவதற்கு இடம் குறைவு. 1974, 1976 ஆண்டு ஒப்பந்தங்களின்படி வகுத்த இந்திய-இலங்கை கடல் எல்லைக்கோடு குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டிப் பிடிபட்டால் ஆள் சிறைக்கும், படகு பறிமுதலுக்கும் போகும் நிலை. இலங்கை 2017-இல் இழுவை மடித் தொழிலைத் தடை செய்தது. 2018-இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் பெரிதும் உயர்த்தியது. எல்லை தாண்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. சிறிய கடலில் பெரிய படகுக்குக் கட்ட வேண்டிய தவணையும் அவற்றில் ஒன்று.

இந்த நெருக்கடியைத் தணிக்கவே, பாக் விரிகுடா இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகுத் திட்டம் 2017-இல் தொடங்கப்பட்டது. அப்போது படகொன்றின் மதிப்பு 80 இலட்சம் ரூபாயாக இருந்தது. அதில் மத்திய அரசு 50 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் மானியம் வழங்கின. மீதியில் 16 இலட்சம் வங்கிக் கடன், 8 இலட்சம் மீனவர் பங்கு. மானியம் பெரிதாக இருந்தாலும், ஆழ்கடல் தூண்டில் தொழில் தெரிந்த ஆளும், நிறுத்த ஆழமான துறையும் இல்லாமல் அத்தகைய படகை முதல் படகாக எடுப்பது கடினம்.

பெரிய படகு பாதுகாப்பானதா?

ஓரளவுக்கு மட்டுமே. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி, கேரளக் கரைகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். சிறிய வள்ளங்களில் சென்றோரும், பல நாள் தங்கும் பெரிய விசைப்படகுகளில் சென்றோரும் அவர்களில் இருந்தனர். பெரிய படகு அதிகத் தொலைவுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே எச்சரிக்கை எட்டாவிட்டால் அதன் நீளம் பயன்படாது.

எனவே எந்த அளவானாலும் சில தேவைகள் மாறாதவை: தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காதபடி காற்றறை அல்லது நுரைப்பொருள் அடைத்த அறைகள், ஆளுக்கொரு உயிர்காப்பு மேலங்கி, தகவல் கருவி, துடுப்பு அல்லது மாற்று எஞ்சின். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை வெளியிடுகிறது. இவற்றுக்கான பணத்தைப் படகின் விலையோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும். இரண்டு அடி குறைத்து வாங்கி இவற்றைச் சேர்ப்பது, இரண்டு அடி கூட்டி இவற்றை விடுவதைவிட மேலானது.

முடிவெடுக்கும் முறை

1. தொழிலை முடிவு செய்க: எந்த மீன், எந்த வலை, எத்தனை மணி நேரம்.
2. நிறுத்துமிடத்தின் ஆழத்தையும் அலையையும் அறிக. இது உச்ச அளவைத் தரும்.
3. சுமைக் கணக்கு போடுக. இது குறைந்தபட்ச அளவைத் தரும்.
4. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுகளில், உறுதியாக வரக் கூடிய ஆள் எண்ணிக்கைக்கு ஏற்றதைப் பார்க்க. ஆள் வராத நாளில் பெரிய படகு கரையில்தான் நிற்கும்.
5. தொழில் நாள்களைக் கொண்டு தவணையை வகுத்துப் பார்க்க. கூடி வரவில்லையெனில் அடுத்த சிறிய அளவுக்கு இறங்குக.
6. அதே அளவுள்ள படகில், அதே கரையில், வாடை நாளொன்றில் ஒருமுறையாவது சென்று வருக.

தொகுத்துச் சொன்னால், பாக் விரிகுடாவில் நண்டு வலையோ செவுள் வலையோ கொண்டு அன்றாடம் சென்று திரும்பும் மூன்று நான்கு பேருக்கு, 25 அடியை ஒட்டிய பைபர் படகும் சிறிய டீசல் எஞ்சினும் பொருத்தமான தொடக்கம். தடைக்காலமும் வார முறையும் அதைக் குறைவாகவே பாதிக்கும். கரைக்கு அருகிலேயே தொழில் நடக்கும். பிற்காலத்தில் விற்பதும் எளிது. கடன் முடிந்து, ஆளும் அனுபவமும் கூடிய பிறகு பெரிய படகுக்கு மாறலாம். பெரிய படகில் தொடங்கியவர் சிறிய படகுக்கு இறங்குவது பெரும்பாலும் கடனோடுதான்.