உறைந்த தேனும் இளஞ்சூட்டுப் பெட்டியும்

தேன் உறைவது தேனின் குற்றமன்று, வளர்ப்பவரின் குற்றமுமன்று. தேனிலுள்ள குளுக்கோஸ் என்னும் சர்க்கரை நீரிலிருந்து பிரிந்து படிகமாவதே உறைதல். ஆயினும் நகரத்து வாடிக்கையாளர் போத்தலின் அடியில் வெண்மையைக் கண்டதும் ‘சர்க்கரை கலந்தது’ என்று திருப்பி விடுகின்றனர். அந்நட்டம் இறுதியில் வந்து சேருமிடம் அங்கத்தினரின் கணக்குப் புத்தகமே.

மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937ஆம் ஆண்டிலேயே, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தோன்றியது. அவ்வட்டாரத்தில் தை முதல் பங்குனி வரை ரப்பர் மரங்கள் துளிர்க்கும் காலத்தில் இலைக்காம்பின் சுரப்பிகளிலிருந்து கிடைப்பதே பெரும்பகுதித் தேன். அதில் குளுக்கோஸ் மிகுதியாதலால் விரைவில் உறைகிறது.

உறைந்த தேனை அடுப்பில் ஏற்றி இளக்குவோர் இன்றும் உளர். அது பொருளை இழக்கும் வழி. தேன் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பாத்திரத்தின் அடி கருகும்போது நடுப்பகுதி உறைந்தே நிற்கும். மணம் போகும், நிறம் கறுக்கும், செரிமானப் பொருளான டயஸ்டேஸ் அழியும், ஹைட்ராக்ஸி மெத்தில் ஃபர்ஃபுரால் என்னும் பொருள் பெருகும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி இப்பொருள் கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டலாகாது. தாண்டிய தேன், கலப்படமே இல்லாததாயினும், சோதனையில் தேறாது.

பெட்டி செய்யும் முறை

20 லிட்டர் கேன்கள் இரண்டு, அதாவது ஏறத்தாழ 56 கிலோ தேன் கொள்ளும் பெட்டியை உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். உள்ளளவு நீளம் 75, அகலம் 40, உயரம் 75 சென்டிமீட்டர். இரு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் தெர்மோகோல் வைத்துச் சுவர்களை அமைக்க வேண்டும். தெர்மோகோல் எளிதில் தீப்பற்றுமாதலால் எங்கும் வெளியே தெரியலாகாது. கனமான கேனை மேலிருந்து இறக்குவது கடினம். ஆகவே கதவு முன்புறம் இருத்தல் நலம்.

அடியில் 60 வாட் குண்டு பல்புகள் இரண்டைப் பலகையில் படாதவாறு பொருத்துக. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். எல்.இ.டி. விளக்கு போதிய வெப்பம் தராது. பல்புகளுக்கு மேல் ஒரு தகரத் தட்டு, ஓரங்களில் காற்றெழும்ப இடைவெளி, அதன்மேல் இரும்புக் கம்பித் தட்டு. கேன்கள் அதில் நிற்கும். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு விற்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியே இதற்கும் போதும். அதன் உணர்முனையைக் கேனின் நடுவுயரத்தில், பல்புக்கு எட்டத் தொங்கவிட்டு 42 டிகிரி செல்சியஸில் நிறுத்துக. மின்னிணைப்பை அனுபவமுள்ள மின்பணியாளரைக் கொண்டு, நிலக்கம்பியுடன் செய்வித்தல் இன்றியமையாதது.

பயன்படுத்தும் முறை

கேனை நிரம்ப நிரப்பாமல் மூடி உள்ளே வைத்தால் இரண்டு நாட்களில் பெரும்பாலும் இளகிவிடும். இடையில் ஒருமுறை சுத்தமான, ஈரமற்ற கரண்டியால் கிளறுதல் நன்று. அவசரப்பட்டு வெப்பத்தை உயர்த்துதல் அடுப்பில் ஏற்றுவதற்கே ஒப்பாகும். இளகியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு நாள் தெளியவிட்டு, நுரை நீக்கிப் போத்தலில் அடைக்கலாம். பல்புகள் இடைவிடாது எரிந்தாலும் நாளொன்றுக்கு மூன்று யூனிட் மின்சாரம் செலவாகாது.

ஒன்றை மறத்தலாகாது. மூடிய கேனில் இப்பெட்டி தேனின் ஈரத்தைக் குறைப்பதில்லை. விதி அனுமதிக்கும் ஈரம் 20 சதவீதமே. அடைக்கப்படாத அறைகளிலிருந்து முற்றாத தேனை எடுப்பவர்க்கு எப்பெட்டியும் உதவாது. அத்தேன் உறைந்த பின் மேலே நிற்கும் நீர்த்த பகுதி புளித்துவிடும்.

தனியொருவர்க்கு இச்செலவு பாரமாகலாம். ஐந்தாறு அங்கத்தினர் சேர்ந்தோ, சங்கமே முன்வந்தோ ஒரு பெட்டி அமைத்து, முறைவரிசைப் பதிவேடு ஒன்று வைத்துக்கொண்டால் ஊருக்கே போதும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பூவும் துளிரும் தந்ததைப் பழுதின்றி வாடிக்கையாளர் கையில் சேர்ப்பதும் கூட்டுறவின் கடமையே.