ஆளில்லா வானூர்தி மின்கலப் பராமரிப்பு

ஆளில்லா வானூர்தி மின்கலப் பராமரிப்பு என்பது, டிரோன் என வழங்கப்படும் சிறிய வானூர்திகளின் மின்கல அடுக்குகளை முறையாக மின்னேற்றி, சேமித்து, உரிய காலத்தில் மாற்றுவதைக் குறிக்கும். பல சுழலிகள் கொண்ட வானூர்திக்கு மிதந்து இறங்க உதவும் இறக்கைகள் இல்லை. பறக்கும்போது மின்சாரம் நின்றால் அது கீழே விழுந்துவிடும். ஆகவே மின்கலத்தின் நிலையை அறிந்திருப்பது தரையில் உள்ளோரின் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது.

அமைப்பு

இவற்றில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் மின்கலங்கள் பயன்படுகின்றன. இவை எடை குறைந்தவை. அதிக மின்னோட்டத்தைத் தரவல்லவை. வழக்கமான ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட்டு, முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட்டு ஆகும். நான்கு கலங்களைத் தொடராக இணைத்த அடுக்கின் பெயரளவு மின்னழுத்தம் 14.8 வோல்ட்டு ஆகும்.

மின்னேற்றமும் மின்னிறக்கமும்

கலங்களைச் சமன்செய்யும் மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். தயாரிப்பாளர் வேறு அளவு குறிப்பிடாதபோது, 5000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள அடுக்கை 5 ஆம்பியர் மின்னோட்டத்தில் மின்னேற்றுவது வழக்கம். பறந்து முடிந்து சூடாக உள்ள மின்கலத்தை ஆறவிட்ட பின்னரே மின்னேற்ற வேண்டும். 0 பாகை செல்சியசுக்குக் கீழே மின்னேற்றினால் எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படியும். இது உட்புறக் குறுக்குச்சுற்றுக்கு வழிவகுக்கலாம். கலத்தின் மின்னழுத்தம் 3.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிலையான சேதம் ஏற்படக்கூடும்.

சேமிப்பு

முழுமையாக மின்னேற்றிய நிலையில் நெடுநாள் வைத்தால் மின்பகுளி சிதைந்து வளிமம் உருவாகும், மின்கலம் உப்பும். ஆகவே சில நாட்களுக்குப் பயன்படுத்தாவிடில், கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட்டு அளவில், குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைப்பர். வெயிலில் நிற்கும் வாகனத்தினுள் வைப்பது தீங்கானது.

மாற்ற வேண்டிய காலம்

மின்னேற்றச் சுழற்சிகளின் எண்ணிக்கை ஒரு வழிகாட்டி மட்டுமே. பின்வருவன மின்கலத்தை மாற்ற வேண்டியதற்கான அறிகுறிகள்:

* உப்புதல், உறை கிழிதல், மோதலால் நசுங்குதல். இவற்றுள் ஒன்று இருந்தாலும் மீண்டும் பறக்கவிடக் கூடாது.
* கொள்ளளவு தொடக்க அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே குறைதல்.
* அக மின்தடை உயர்தல். இதனால் வானூர்தி மேலெழும்போது மின்னழுத்தம் சட்டெனச் சரியும்.
* கலங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு தொடர்தல்.

இறுதி அறிகுறி எளிதில் மறைந்துவிடக் கூடியது. மூன்று கலங்கள் 3.9 வோல்ட்டும் நான்காவது 3.3 வோல்ட்டும் காட்டினால், மொத்தம் 15.0 வோல்ட்டு ஆகும். பெயரளவைவிட அதிகமாக இருப்பதால் அடுக்கு நலமாக உள்ளதுபோல் தோன்றும். ஆனால் பறக்கும்போது நான்காவது கலம் முதலில் செயலிழக்கும். ஆகவே ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்து பார்ப்பது முறையாகும்.

அகற்றல்

பழைய மின்கலத்தைத் துளைக்கவோ வீட்டுக் குப்பையில் இடவோ கூடாது, தீப்பற்றும் இடருண்டு. அதன் முனைகளைக் காப்பு நாடாவால் மூடி, மறுசுழற்சி மையத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய கழிவுகள் 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளுக்கு உட்பட்டவை.