வலி மாத்திரையும் 'மீள்திறன்' என்கிற சொல்லாடலும்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் 'மன அழுத்தமும் மீள்திறனும்' குறித்த ஒருநாள் பயிலரங்குக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் ரப்பர் பந்தைத் தரையில் அடித்துக் காட்டினார்: விழுந்தால் எழணும், அவ்வளவுதான். டீ குடிக்கும்போது ஒரு மாணவன் சொன்னான்: "பந்துக்கு அரியர் கெடையாது சார். எங்கம்மாவுக்கு ஷூ கம்பெனி மிஷின்ல குந்திக் குந்தி இடுப்பே போச்சி. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கினுதான் வேலைக்குப் போவுது. எங்க ரூம்ல ஒருத்தன் பரிட்சைக்குப் போட்டா மட்டும் தப்பா?"

இரண்டும் ஒரே மாத்திரை இல்லை. அம்மாவுடையது அநேகமாக டைக்ளோஃபெனாக் வகை. வீக்கத்தைக் குறைக்கும், நாள்பட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், போதை தராது. பையன்கள் கைக்கு வருவது டேபென்டடால். அபினும் ஹெராயினும் வேலை செய்கிற அதே மூளை ஏற்பிகளில்தான் இதுவும் வேலை செய்கிறது. வலியோடு பயத்தையும் மழுக்குகிறது. பழகப் பழக அளவு கூடும். நிறுத்தினால் வியர்வை, உடம்புவலி, தூக்கமின்மை. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். ஊசியில் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டில் இளைஞர்கள் செத்திருக்கிறார்கள்.

ஆனாலும் அவன் கேள்வியை மருந்தியலால் மட்டும் மடக்கிவிட முடியாது. மாறாத வேலைக்கு, மாறாத பரிட்சைக்கு, உடம்பை மறுநாளும் தயார் செய்து அனுப்புவதைத்தான் இரண்டு மாத்திரைகளும் செய்கின்றன. 'மீள்திறன்' கோருவதும் இதைத்தானே?

அரசின் அறிவோ பெயர்ப் பட்டியலாக இயங்குகிறது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணைப்படி அல்பிரசோலம், நைட்ரசெபாம் போன்றவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதணும். 2018-ல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. அதற்குத் தங்கை மாதிரியான டேபென்டடால் அந்த அறிவிப்பில் இல்லை. சந்தை இடம் மாறிக்கொண்டது. 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட எய்ம்ஸ் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் ஹெராயின் எடுப்பவர்கள் 1.14 சதம், மருந்தாகத் தயாரிக்கப்படும் ஓபியாய்டுகளை எடுப்பவர்கள் 0.96 சதம். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சினிமாவில் வில்லன் விற்பது பவுடரைத்தான்.

'மீள்திறன்' ஆய்வின் தொடக்கத்துக்குப் போனால் கதை வேறு. எம்மி வெர்னர், ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சிதைவு என ஆபத்தில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தேறி வந்தார்கள். குழந்தையின் சுபாவம் ஒரு காரணம். பாட்டி, அக்கம்பக்கம், ஒரு ஆசிரியர் என்று கைகொடுத்த மனுஷங்களும் காரணம். அது பயிலரங்குக்கு வந்து சேரும்போது பாட்டியும் வாத்தியாரும் உதிர்ந்துபோய்ப் பந்து மட்டும் மிஞ்சுகிறது.

பாலாற்றில் கலந்த தோல் கழிவு குறித்து வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. மாணவர் விஷயத்தில் மட்டும் ஆறே தன்னைச் சுத்தம் பண்ணிக்கணும் என்கிறோம்.

போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்றே 2017-ன் மனநலச் சட்டம் வரையறுக்கிறது. அதாவது சிகிச்சை உரிமை. புப்ரெனார்ஃபின் கொடுத்து மெல்ல மீட்கும் வழியும் இருக்கிறது. ஆனால் பயிலரங்குக்கு மறுவாரம் அந்தக் கல்லூரி விடுதியில் பைகளைச் சோதித்தார்கள். மாத்திரை அட்டையோடு சிக்கின அந்த ரூம்மேட்டுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவனும் இப்போது ஒரு ஷூ கம்பெனியில்தான் இருக்கிறானாம்.