எங்கே, எப்போது, எந்தக் காற்றில்?

விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தின் வெளிப்புறம் ஒரு வெப்பமானியைப் பொருத்தினால், அது உண்மையைவிடச் சுமார் 20 டிகிரி செல்சியஸ் கூடுதலாகக் காட்டும். வெளியே மைனஸ் 50 டிகிரி என்றால் வெப்பமானியில் மைனஸ் 30. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. பாய்ந்துவரும் காற்று உணரியில் மோதி நிற்கிறது. அதன் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. சூடேறிய அந்தக் காற்றை வெப்பமானி சரியாகத்தான் அளக்கிறது.

அப்படியானால் எத்தனை டிகிரியைக் கழிப்பது? அது வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும். வேகத்தை அறியக் காற்றின் அழுத்தம் வேண்டும். பிட்டோ குழாய் எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்குகிறது. விமானத்தின் பக்கவாட்டுத் துளைகள் சுற்றுப்புற அழுத்தத்தை அளக்கின்றன. இரண்டின் விகிதத்திலிருந்து மாக் எண் (ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட விமானத்தின் வேகம்), அதிலிருந்து உண்மையான வெப்பநிலை, அதற்கும் பிறகுதான் வேகம் என்று கணக்கு படிப்படியாக நகர்கிறது.

அந்தச் சுற்றுப்புற அழுத்தத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. விமானத்தின் உடலே அருகிலுள்ள காற்றை நெருக்கியும் விலக்கியும் விடுகிறது. அதனால் சோதனைப் பறப்புகளில் வாலிலிருந்து நீண்ட குழாய் ஒன்றை வெளியே விட்டு, அதன் நுனியில் ஒரு கூம்பைக் கட்டி இழுத்துச் செல்வார்கள். விமானம் கலைக்காத காற்றின் அழுத்தம் அந்தக் குழாயில் கிடைக்கும். அதோடு ஒப்பிட்டுத் திருத்த அட்டவணை தயாரிப்பார்கள்.

ஒரே ஒரு வெப்பநிலையை நம்பிச் சொல்வதற்கு இத்தனை வேலை. ஆய்வு விமானம் என்றதும் புதிய லேசர் கருவியும் ரேடாரும்தான் செய்தியாகின்றன. விமானம் எங்கே இருந்தது, எப்போது இருந்தது, எந்தக் காற்றுக்குள் இருந்தது என்று நொடிக்கு நொடி எழுதிவைக்கும் பதிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மற்ற எல்லா அளவீடுகளும் அந்தப் பதிவின் மேல்தான் நிற்கின்றன.

ஒரு விநாடிக்கு ஒரு வரி

நாசா 1987 முதல் 2024 வரை ஆய்வுக்குப் பயன்படுத்திய டிசி-8, பயணிகள் விமானமாக வாழ்க்கையைத் தொடங்கியது. பின்னர் இருக்கைகளின் இடத்தில் கருவி அடுக்குகள் வந்தன. ஒரு குழு ஓசோனை அளக்கும், ஒரு குழு தூசுத்துகளை எண்ணும், இன்னொரு குழு லேசர் ஒளியை மேகத்தின் மீது பாய்ச்சும். ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு ஜிபிஎஸ் வைத்து, தனக்கென்று ஒரு கடிகாரம் ஓட்டினால், இறங்கிய பிறகு யாருடைய எண்ணும் யாருடைய எண்ணோடும் பொருந்தாது.

இதற்காக ஆய்வு விமானங்களின் உள் வலையமைப்பில் விநாடிக்கு ஒரு வரி ஓடுகிறது. அமெரிக்க அரசுத் துறைகளின் கூட்டுப் பணிக்குழு வகுத்த இந்த வடிவத்தின் பெயர் ஐடபிள்யூஜி-1. வெறும் எழுத்தும் எண்ணும், இடையிடையே காற்புள்ளி. எந்தக் கணினியும் படிக்கும். அவசரத்துக்கு மனிதக் கண்ணும் படிக்கும். முதலில் வடிவத்தின் பெயர், பிறகு உலகப் பொது நேரம், பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை. தொடர்ந்து உயரம், வேகம், மூக்கு நோக்கும் திசை, நகரும் திசை, சாய்வு, வெப்பநிலை, பனிநிலை, அழுத்தம், காற்று, சூரியனின் கோணம் என்று சுமார் முப்பது விவரங்கள் வரிசை மாறாமல் வருகின்றன. அளக்கப்படாத விவரத்தின் இடம் காலியாக விடப்படும். காற்புள்ளி மட்டும் இருக்கும். அடுத்த எண் நகர்ந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது.

இதில் உயரத்துக்கு மட்டும் நான்கு இடங்கள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஓர் உயரம், புவியை ஒழுங்கான நீள்வட்டக் கோளமாகக் கருதி அதன் பரப்பிலிருந்து ஓர் உயரம், காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்கிட்ட உயரம், கீழே ரேடார் அலை அனுப்பி அளந்த உயரம். முதலிரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு. அங்கே சராசரிக் கடல்மட்டம் அந்தக் கணிதப் பரப்பைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. எந்த உயரம் என்று குறிக்காமல் ‘உயரம்’ என்று மட்டும் எழுதிவைத்தால், அந்தக் கடலின் மேல் எடுத்த ஒவ்வொரு அளவீடும் நூறு மீட்டர் இடம் தவறிவிடும்.

காற்று ஒரு கழித்தல் கணக்கு

பறக்கும் விமானத்தில் காற்றை நேரடியாக அளக்க வழியில்லை. தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகத்தை ஜிபிஎஸ் சொல்கிறது. தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்து அது நகரும் வேகத்தைப் பிட்டோ குழாயும் மூக்கில் உள்ள அழுத்தத் துளைகளும் சொல்கின்றன. மூக்கின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய துளைகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாடு, காற்று எந்தக் கோணத்தில் வந்து மோதுகிறது என்று காட்டும். முதல் வேகத்திலிருந்து இரண்டாவதைத் திசையோடு கழித்தால் மிஞ்சுவதே காற்று.

இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுப்பதில் ஆபத்து இருக்கிறது. விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் திசையை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு தவறாகக் குறித்தாலும், கணக்கிட்ட காற்றில் விநாடிக்கு 35 சென்டிமீட்டர் பிழை புகுந்துவிடும். மேகத்துக்குள் மெல்ல எழும் காற்றை ஆராய்பவருக்கு இது பெரிய பிழை. விமானத்தின் திசையையும் சாய்வையும் தரும் நிலைமக் கருவிக்கோ தனக்கே உரிய ஊசலாட்டம் உண்டு. அதன் பிழை ஏறக்குறைய 84 நிமிடங்களுக்கு ஒருமுறை கூடிக் குறையும். ஜிபிஎஸ்ஸை அதனோடு இணைத்து அந்த ஊசலாட்டத்தை அடக்குகிறார்கள்.

பதினெட்டு விநாடிகள்

இடத்தைவிட அதிகம் சிக்கல் தருவது நேரம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் நேரத்தில் லீப் விநாடிகள் சேர்க்கப்படுவதில்லை. அதனால் 2017 முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முந்தியிருக்கிறது. ஒரு கருவி உலகப் பொது நேரத்தில் ஓட, இன்னொன்று திருத்தப்படாத ஜிபிஎஸ் நேரத்தில் ஓடினால், விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் இரண்டின் பதிவுகளும் 3.6 கிலோமீட்டர் விலகிப்போகும். ஒன்று மேகத்துக்குள் இருந்ததாகவும் மற்றொன்று வெளியே இருந்ததாகவும் பதிவாகும். இரண்டும் ஒரே விமானத்தில் அடுத்தடுத்த அடுக்கில் இருந்தவை.

வெளிக்காற்றைக் குழாய் வழியே உறிஞ்சி உள்ளே அளக்கும் கருவிகளுக்கு இன்னொரு தாமதம். காற்று குழாயைக் கடந்து வரச் சில விநாடிகள் பிடிக்கும். அதையும் அளந்து கழிக்க வேண்டும்.

நேரம் சரியாகப் பொருந்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1987ஆம் ஆண்டு சாட்சி. தென் அமெரிக்காவின் தென்முனையில், சிலியின் புந்தா அரேனாஸ் நகரிலிருந்து நாசாவின் ஈஆர்-2 விமானம் அண்டார்டிகா நோக்கிப் பறந்தது. ஹார்வர்டின் ஜேம்ஸ் ஆண்டர்சன் குழுவினரின் கருவி குளோரின் மோனாக்சைடை அளந்தது. இன்னொரு கருவி ஓசோனை அளந்தது. ஆகஸ்ட் கடைசியில் தென்துருவக் குளிர்காற்றுக்குள் விமானம் நுழைந்ததும் குளோரின் மோனாக்சைடு எகிறியது. ஓசோன் அப்போது பெரிதாகக் குறையவில்லை. செப்டம்பர் நடுவில் குளோரின் எங்கெல்லாம் ஏறியதோ, அங்கெல்லாம் ஓசோன் விழுந்தது. இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று எதிராக, வளைவுக்கு வளைவு சரியாக ஏறி இறங்கின. ஓசோன் துளைக்குக் காரணம் மனிதர் வெளிவிட்ட குளோரோபுளோரோ கார்பன்கள் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் கேட்க முடியாது. மாண்ட்ரியல் உடன்படிக்கை 1990இல் லண்டனில் கடுமையாக்கப்பட்டபோது இந்தச் சான்று கையில் இருந்தது. இரு கருவிகளின் கடிகாரங்களும் அரை நிமிடம் பிசகியிருந்தால் அந்த வளைவுகள் இப்படி ஒத்துப்போயிருக்காது.

தலைப்பகுதியில் உள்ள நேர்மை

விமானம் தரையிறங்கிய பிறகு அடுத்த வேலை தொடங்குகிறது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் கெய்ன்ஸ், ஹிப்ஸ்கைண்ட் என்ற இருவர் தரவுப் பரிமாற்றத்துக்கான எளிய கோப்பு வடிவம் ஒன்றை வகுத்தார்கள். 2004இல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் உள்ள நாடுகள் சேர்ந்து நடத்திய ஐகார்ட் என்ற வளிமண்டல ஆய்வுக்காக அது திருத்தி அமைக்கப்பட்டது. இன்று விமான ஆய்வுகளில் பரவலாகப் புழங்குவது அந்த வடிவம்தான்.

கோப்பின் முதல் எண்ணே, தலைப்பகுதி எத்தனை வரி என்று சொல்லிவிடுகிறது. அந்த வரிகளில் அளந்தவர் யார், எந்த நிறுவனம், எந்தக் கருவி, எந்த நாள், ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன அலகு, எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதெல்லாம் இருக்கும். களத்தில் அவசரமாகத் தந்த முதற்கட்டப் பதிவுக்கு ஒரு குறி, சரிபார்த்த இறுதிப் பதிவுக்கு வேறு குறி. அளவீடு இல்லாத இடத்தில் மைனஸ் 9999 என்பது போன்ற எண் வரும். அங்கே பூஜ்யம் போட்டால், ‘அளக்கவில்லை’ என்பது ‘அளந்தோம், எதுவும் இல்லை’ என்று பொருள் மாறிவிடும். கருவியால் உணர முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அதற்கும் தனி எண் உண்டு.

நள்ளிரவைத் தாண்டிப் பறக்கும் விமானத்துக்கு நேரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. ஒரு நாளின் 86,400 விநாடிகளையும் கடந்து எண்ணிக்கை மேலே போய்க்கொண்டே இருக்கும். காற்றின் திசையைச் சராசரி எடுப்பதிலும் கவனம் தேவை. ஒரு விநாடி 359 டிகிரி, அடுத்த விநாடி 1 டிகிரி. இரண்டுமே வடகாற்று. நேராகக் கூட்டி வகுத்தால் 180 டிகிரி, அதாவது தென்காற்று என்று வரும். காற்றைக் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என்று இரு கூறாகப் பிரித்துச் சராசரி எடுத்து, அதன் பிறகே திசையாக மாற்ற வேண்டும்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து

புயலுக்குள் நுழையும் அமெரிக்க விமானங்கள் இறங்கும்வரை காத்திருப்பதில்லை. 30 விநாடிக்கு ஒரு வரி. இருபது வரி சேர்ந்ததும், அதாவது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, செயற்கைக்கோள் வழியே செய்தி மியாமியின் தேசியப் புயல் மையத்துக்குப் போகிறது. இடம், அழுத்தம், வெப்பநிலை, காற்று எல்லாம் சில இலக்கங்களில் சுருக்கப்பட்டிருக்கும். கிடைக்காத எண்ணுக்குச் சாய்வுக்கோடுகள். கரையோர மக்களை எப்போது வெளியேற்றுவது என்ற முடிவுக்கு இந்த வரிகளும் அடிப்படை.

1989 செப்டம்பர் 15 அன்று பார்படோஸுக்குக் கிழக்கே ஹியூகோ புயலுக்குள், அமெரிக்கக் கடல்-வளிமண்டல அமைப்பான நோவாவின் பி-3 விமானம் நுழைந்தது. எதிர்பார்த்ததைவிட மிகக் கடுமையான புயல். விமானமோ 450 மீட்டர் உயரத்தில். கண்ணைச் சூழ்ந்த மேகச் சுவரில் அது தூக்கி எறியப்பட்டது. எஞ்சின்களில் ஒன்று தீப்பிடித்தது. புயலின் கண்ணுக்குள் சுமார் ஒரு மணி நேரம் வட்டமிட்டு உயரம் ஏறி, விமானப்படை விமானம் ஒன்று கண்டுசொன்ன வழியில் வெளியேறித் தப்பியது. அத்தனை குலுக்கலிலும் பதிவுக் கருவி எழுதிக்கொண்டே இருந்தது. 2008இல், அந்த விமானத்தில் இருந்த ஃபிராங்க் மார்க்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். விமானத்தைத் தாக்கியது புயலின் பொதுவான காற்று மட்டும் அல்ல. மேகச் சுவரின் விளிம்பில் சுற்றிவந்த, டொர்னேடோ போன்ற ஒரு சிறு சுழல் என்பதை அவர்கள் காட்டினார்கள். அது பத்தொன்பது ஆண்டு பழைய பதிவு. அலகும் நேரமும் திருத்தக் குறிப்பும் அதனோடு இருந்ததால்தான் அது மறுபடி பேசியது.

நம் கடலிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த காலநிலை அறிவியலாளர் வீரபத்ரன் ராமநாதன், 2006 மார்ச்சில் மாலத்தீவுகளின் ஹனிமாதூவிலிருந்து மூன்று ஆளில்லாச் சிறு விமானங்களைப் பறக்கவிட்டார். தூசுப் படலத்துக்குக் கீழே ஒன்று, உள்ளே ஒன்று, மேலே ஒன்று. மேலே வந்த சூரிய ஒளியிலிருந்து கீழே போனதைக் கழித்தால், இடையில் உள்ள காற்று எவ்வளவு விழுங்கியது என்று தெரியும். மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே நெடுவரிசையில் இருந்தால் மட்டுமே இந்தக் கழித்தலுக்குப் பொருள் உண்டு. அப்படிப் பறந்துதான், பழுப்பு மேகங்கள் எனப்படும் இந்தத் தூசுப் படலங்கள் கீழ்வளிமண்டலத்தின் சூரியச் சூட்டைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகின்றன என்று கண்டறிந்தார்கள்.

ஆய்வகச் சோதனை தவறினால் மறுநாள் திரும்பச் செய்யலாம். வானில் அது முடியாது. 1989 செப்டம்பர் 15இன் காற்று மறுபடி வீசாது. அதைப் பற்றி நம்மிடம் உள்ளதெல்லாம் அந்தப் பதிவு மட்டுமே. எனவே ஆய்வுத் திட்டத்தின் முதல் நாளிலேயே பதிவுக்கும் கோப்புக்கும் ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். திருத்திய எண்களோடு, திருத்தாத மூல எண்களையும் திருத்திய முறையையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009 முதல் மேகங்களுக்குள் ஆய்வு விமானங்களை அனுப்பியிருக்கிறது. அந்தத் தரவில் பயிலும் மாணவர்களுக்கு மேக இயற்பியலோடு கோப்பின் தலைப்பகுதியை எழுதவும் கற்றுத்தர வேண்டும். அதைச் செம்மையாகச் செய்தவரின் பெயர், கருவியை வடிவமைத்தவரின் பெயருக்குப் பக்கத்திலேயே ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற வேண்டும்.